குடலுக்குள் இருப்பவற்றைத் தேடி வாலிநோக்கத்துக்கு

நான் ஊர் ஊராகப் போகிற வேலையில் இருக்கிறேன் என்றதும் எல்லோரும் முதலில் பொறாமைப்படுவார்கள். எதற்காகப் போகிறேன் என்று சொன்னதும் பேச்சை மாற்றிவிடுவார்கள். கோவையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். மனிதர்களிடம் மலம் கேட்டு வாங்கி, கெடாமல் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. அதில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் குடல் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். என் பைக்குள் ஒரு மாற்றுத்துணி, ஒரு கட்டு ஒப்புதல் படிவம், ஐம்பது டப்பா, ஒரு குளிர்பெட்டி. வெளியூர் போய் நான் கோயில் குளம் பார்த்ததைவிடக் கழிவறை பார்த்ததே அதிகம்.

இந்த முறை போனது இராமநாதபுரம் சீமைக்கு. வாலிநோக்கத்தைச் சேர்ந்த ஷாஜகான் என்பவருக்கு எங்கள் ஊரில்தான் ஆபரேஷன் நடந்தது. வயது முப்பத்தெட்டு. அவர் சம்மதத்தோடு கட்டியின் ஒரு துணுக்கு எங்களிடம் இருக்கிறது. அதே வீட்டில், அதே சோற்றைச் சாப்பிட்டு, அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்த அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேரின் குடலிலும் குடியிருப்பவை ஒன்றுதானா, வேறு வேறா என்று பார்க்க வேண்டும். அண்ணன், மனைவி, ஷாஜகான் மூவரின் மாதிரியும் வேண்டும்.

காலையில் இராமநாதபுரத்தில் இறங்கியபோதே வெயில் சட்டென்று முகத்தில் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் இந்நேரம் ஸ்வெட்டர் போட்டவர்களைக்கூடப் பார்க்கலாம். டீக்கடையில் ஒரு மடக்குக் குடித்தேன். நாக்கில் லேசான உவர்ப்பு. கடைக்காரரிடம் கேட்டேன்.

"தண்ணியே அப்படித்தான் தாயி. ரெண்டு நாள் குடிச்சீகன்னா பழகிரும். அப்புறம் ஒங்க ஊரு டீ சப்புன்னு இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. திரும்பி வந்து ஒரு வாரம் வீட்டு டீ எனக்கு ருசிக்கவில்லை.

நான்கு நாளைக்கும் ஒரு கார் ஏற்பாடாகியிருந்தது. ஓட்டி வந்தவர் முனியசாமி. கமுதிப் பக்கத்துக் கிராமம். நாற்பத்திரண்டு வயதிருக்கும், மெலிந்த உடம்பு, தொளதொளத்த சட்டை. இருக்கையில் காற்றடைத்த ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்ததைக் கவனித்துவிட்டு, "சூடு மேடம். ஓட்டுற ஆளுகளுக்கெல்லாம் உள்ளதுதான்" என்றார். வழிநெடுக மதில்களில், மூலம், பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணமாகும் என்று எழுதியிருந்தது. இந்த விளம்பரம் இல்லாத சுவரைத் தமிழ்நாட்டில் நான் எங்கும் கண்டதில்லை.

நாற்பத்தைந்து நிமிடத்தில் இரண்டு முறை வண்டியை ஓரங்கட்டிக் கருவேல மரத்துப் பக்கம் போய்விட்டு வந்தார். மூன்றாம் முறை ஒரு பெட்ரோல் பங்க். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டுநரிடம் அதைக் கேட்பது நாகரிகமல்ல என்று நினைத்தேன். ஊரெல்லாம் போய் மலம் கேட்கிறவளுக்கு வந்த நாகரிகத்தைப் பாருங்கள்.

ஷாஜகானின் வீட்டு முன்னறையில் ஐந்து பிரிட்ஜ்கள் கதவைத் திறந்துகொண்டு நின்றன. சவுதியில் பன்னிரண்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர், இப்போது ஊரிலேயே பழுது பார்க்கிறார். கைலி, பனியன், கையில் ஸ்க்ரூடிரைவர். ஆபரேஷனில் அவருக்கு ஆசனவாயையே எடுத்துவிட்டார்கள். வயிற்றின் இடப்பக்கம் துளை போட்டு, அதில் பை ஒட்டியிருக்கிறார்கள். பனியனுக்கு மேல் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

"வாங்கக்கா. எல்லாரும் நல்லது கெட்டதுக்கு வருவாக. நீங்க இதுக்குன்னே அம்புட்டுத் தொலவுலருந்து வந்திருக்கீக" என்று சிரித்தார்.

படிவத்தை வாசித்துக் காட்டினேன். டப்பாவை எப்படிப் பிடிக்க வேண்டும், எவ்வளவு எடுக்க வேண்டும், எப்படி மூட வேண்டும் என்று சொன்னேன். அண்ணன் ஜமால் நாட்டுப்படகு வைத்திருப்பவர். தாடியைத் தடவிக்கொண்டு கேட்டிருந்தவர் சட்டென்று எழுந்துவிட்டார்.

"அஞ்சு வேளையும் பள்ளிக்குப் போற மனுசன் கையில டப்பாவக் குடுத்து இதப் புடிச்சிட்டு வாங்குறீகளே, நல்லாவா இருக்கு?"

"காக்கா, ஒங்களுக்காக இல்ல. எனக்காக" என்றார் ஷாஜகான். அண்ணனை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஜமால் தம்பியின் முகத்தைப் பார்த்தார். டப்பாவை இரண்டு விரலால் தூக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாப்பாட்டுக்கு நெய்ச்சோறும் கணவாய் வறுவலும் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் மீன் என்றால் ஐஸில் இரண்டு நாள் பயணம் செய்து களைத்து வந்து சேர்வது. இந்தக் கணவாய் காலையில்தான் கடலைவிட்டு வந்திருந்தது. முனியசாமியையும் கூப்பிட்டார்கள். வயிறு சரியில்லை என்று மோர் மட்டும் வாங்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நிழலில் நின்றார்.

சாப்பிட்டு முடித்ததும் ஷாஜகான் என்னிடம் கேட்டார். எல்லோரும் கேட்கிற கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் எனக்கு இன்னும் வரவில்லை.

"நான் பீடி சிகரெட்டு தொட்டதில்ல. மத்தது நம்ம மார்க்கத்துலயே கெடையாது. வாப்பாவுக்கு இல்ல, உம்மாவுக்கு இல்ல. எனக்கு மட்டும் ஏங்க்கா வந்துச்சு?"

"தெரியலைங்க. அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கோம்" என்றேன்.

பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நம் குடலுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை நமக்கு வேலை செய்பவை. நாம் தின்னும் கீரையையும் தானியத்தையும் உடைத்து, குடலின் உட்தோலுக்கு உணவு தருபவை. சில மட்டும் ஒழுங்கில்லாதவை. ஈ.கோலை எல்லோர் வயிற்றிலும் உண்டு. அதில் ஒரு வகை, குடல் உயிரணுக்களின் மரபுப்பொருளைக் கீறிவிடுகிற ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்தக் கீறலின் அடையாளத்தை இள வயதில் நோய் வந்தவர்களின் கட்டியில் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று வாயில், ஈறுகளில் இருக்க வேண்டியது. ஃபியூசோபாக்டீரியம் என்று பெயர். அது எப்படியோ குடலுக்குப் போய்ச் சிலருடைய கட்டிக்குள் குடியேறியிருக்கிறது.

"அப்ப அதுதான் ஆள அடிச்சதா?"

"அடிச்சதா, அடிபட்ட எடத்துல வந்து உக்காந்துச்சான்னு முழுசாத் தெரியலைங்க. கட்டி வளர்றதுக்கு அது ஒத்தாச பண்ணுதுன்னு மட்டும் தெரியுது."

ஷாஜகான் யோசித்தார். "சவுதியில வச்சே ரத்தம் பட்டுச்சுக்கா. மூலம்னு நெனச்சு மருந்துக்கடையில சொல்லி மாத்திர வாங்கித் தின்னேன். ஊருக்கு வந்து ஆறு மாசம் சூரணம். ஏலே, வெந்தயத்த ஊறவச்சுக் குடிடான்னு சொல்லாத ஆளு கெடையாது. அப்பயே பாத்திருந்தா இந்தப் பை வேண்டியிருக்காதுன்னு டாக்டரு சொன்னாரு."

ஜன்னலுக்கு வெளியே டம்ளர் கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. முனியசாமி குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுப்படியில் ஷாஜகானின் மனைவி ரஹ்மத் எனக்குத் தொதல் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய கருத்த இனிப்பு. கட்டிய நூலை அவிழ்த்தார். மறுபடி கட்டினார்.

"பன்னெண்டு வருசம் கடைச் சாப்பாடு. லீவுல வந்தா நான் ஆக்கிப் போட்டது. ரெண்டுல எதுனால வந்துச்சுன்னு சொந்தக்காரவுகளே பட்டிமன்றம் நடத்துறாகக்கா." குரலைத் தாழ்த்தினார். "என் கையால போயிருக்குமோ? கருவாடு அவுகளுக்கு உசுரு. கேக்கும்போதெல்லாம் ஆக்கிக் குடுத்தேன்."

என்னிடம் அதற்காவது உறுதியான பதில் இருந்தது. "ஒரு கொழம்பாலயோ ஒரு ஆளு சமையலாலயோ வர்றது இல்லைங்க இது. வருசக்கணக்கா, பல காரணம் சேந்து, மெதுவா வளர்றது. நீங்க ஆக்கிப் போட்டதுனாலன்னு சொல்ல யாராலயும் முடியாது."

ரஹ்மத் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இதயே அங்கன வந்து என் மாமியாகிட்டயும் ஒரு தடவ சொல்லிருங்க" என்றார். போய்ச் சொன்னேன். மாமியார் மருமகளைப் பார்த்தார். பிறகு இன்னொரு தொதல் பொட்டலத்தை எடுத்துவரச் சொன்னார்.

போகும்போது பாட்டுப் போட்டு வந்த முனியசாமி, திரும்பும்போது போடவில்லை.

இரண்டாம் நாள் விடிந்தபோது விடுதியில் மின்சாரம் இல்லை. இரவெல்லாம் இல்லையாம். பிரிட்ஜில் வைத்திருந்த ஐஸ் பைகளைத் தொட்டால் பச்சைத்தண்ணீர். மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மருந்துத் திரவத்தில் போடுவோம். அதற்கு வெயிலும் பொருட்டில்லை. மற்றது பாக்டீரியாக்களை உயிரோடு வளர்ப்பதற்கு. அது குளிரில்தான் இருந்தாக வேண்டும். கையைப் பிசைந்துகொண்டு காரில் ஏறினேன்.

வாலிநோக்கத்தில் மூன்று மாதிரிகளும் தயாராக இருந்தன. ஜமால் தன் டப்பாவை நான்கு பிளாஸ்டிக் பைகளுக்குள் சுற்றி, மதில்மேல் வைத்துவிட்டுக் கடலுக்கே போய்விட்டாராம். எண் ஒட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். ஐஸ் பை வெதுவெதுப்பாகவே இருந்தது.

"ஐஸுதானே வேணும்? கடக்கரையில ஐஸுக்கா பஞ்சம்?" என்று முனியசாமி வண்டியை ஐஸ் கம்பெனிக்கு விட்டார். மீன் பெட்டிகளுக்காகப் பெரிய பாளங்களை இயந்திரத்தில் போட்டு நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தவர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன மீனு? நண்டா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முனியசாமி, "மருந்துண்ணே. புள்ளைகளுக்குச் சொட்டு மருந்து போடுவாகள்ல, அந்தக் கணக்கா" என்றார்.

அந்த மனிதர் நொறுக்கியதை ஒதுக்கிவிட்டு, கழுவிய புதுப் பாளம் ஒன்றை எடுத்துத் தனியாக உடைத்தார். பெட்டியின் நான்கு பக்கமும் தன் கையாலேயே நிரப்பினார். "புள்ளைகளுக்குள்ள மருந்து. கெட்டுப்போயிறப்படாது" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளில் வெயில் பட்டுக் கண் கூசியது. முனியசாமி வண்டியை நிறுத்தினார். இறங்கப் போகிறார் என்று நினைத்தேன். இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, முன்கண்ணாடியைப் பார்த்தே பேசினார். மேடமாக இருந்த நான் இப்போது அக்காவாகியிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு கேட்டாத் தப்பா எடுத்துக்கிற மாட்டீகளே?"

"கேளுங்க."

"ரத்தம் வந்தா அது மூலந்தானே?"

"மூலமாவும் இருக்கலாம். வெளியிலருந்து பாத்து யாரும் சொல்ல முடியாதுங்க. எத்தன நாளா?"

"போன மார்கழிக்கு முன்னாடியிருந்து."

"எப்படி வருது?"

"மொதல்ல செவப்பாச் சொட்டும். இப்ப மூணு மாசமா கருஞ்செவப்பா, கலந்து வருது. சளி கணக்கா வேற. போயிட்டு வந்தா மறுபடி போகணும் போலயே இருக்கு. பெல்டுல புதுசா ரெண்டு ஓட்ட போட்டுட்டேன்."

நான் டாக்டர் அல்ல. டப்பா வாங்குகிறவள். ஆனால் பன்னிரண்டு வருடமாக எத்தனையோ வீடுகளில் இதே வரிசையில் இதே வார்த்தைகளைக் கேட்டிருக்கிறேன்.

"வீட்டுல தெரியுமா?"

"பொம்பளகிட்ட இதப் போயி எப்படிக்கா சொல்ல?" என்றவர் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களும் பொம்பளதான். ஆனா நீங்க இதுல வேல பாக்குறீக."

நாளைக்கே டாக்டரைப் பார்க்கலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சம்மதமா மறுப்பா என்று தெரியவில்லை.

"கண்டுபுடிச்சா வயித்துல பையக் கட்டி விட்ருவாகள்ல? அதோட எப்படிக்கா வண்டி ஓட்ட? பக்கத்துல யாரு ஒக்காருவா? நான் இப்படியே ஓடுற மட்டும் ஓடிட்டுப் போறேன்."

இதற்கு நான் என்ன சொன்னாலும் அது படிவத்தில் எழுதியிருப்பதைப் போலத்தான் இருக்கும். "வண்டியத் திருப்புங்க" என்றேன்.

ஷாஜகானிடம் வாசலிலேயே இரண்டு வரியில் சொன்னேன். முனியசாமி காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ஷாஜகான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். நேராகக் கார்க்கதவைத் திறந்து, "வாங்கண்ணே, உள்ள வாங்க" என்று தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். உள்ளறைக் கதவு மூடியது.

நானும் ரஹ்மத்தும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பிரிட்ஜ் மட்டும் சரியாகி, உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம் தாழ்வாகக் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ரஹ்மத் சொன்னார்: "எனக்கே ஒரு மாசம் காட்டலக்கா. கதவப் பூட்டிக்கிட்டுத்தான் மாத்துவாக. இன்னைக்குத் தெரியாத மனுசருக்குத் தொறந்து காட்டுறாக."

கால் மணி நேரம் இருக்கும். திடீரென்று உள்ளே இருவரும் சிரித்தார்கள். கதவு திறந்தது. முனியசாமி நேராகப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

"இதக் கட்டிக்கிட்டுத்தான் பாயி மொட்டமாடியில ஏறி ஏசி மாட்டுறாராம்" என்றார் என்னிடம், ஏதோ நான்தான் நம்ப மறுத்தவள் போல. "தொட்டுப் பாக்கச் சொன்னாரு. பாத்தேன். சவ்வு கணக்கா இருக்கு, வேற ஒண்ணுமில்ல."

ஷாஜகான் கதவில் சாய்ந்து நின்றார். "அண்ணே, நான் ஒண்ணரை வருசம் தள்ளிப் போட்டவன். நீங்க நாளைக்குப் போறீக. எல்லாருக்கும் பை வைக்க மாட்டாக. வச்சாலும் என்னையப் பாத்துட்டீகள்ல?"

மூன்றாம் நாள் தங்கச்சிமடத்தில் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தள்ளிவைத்துவிட்டு முனியசாமியோடு ஒரு மருத்துவமனைக்குப் போனேன். பார்த்தது ஒரு பெண் டாக்டர். அவர் அறை வாசலிலேயே முனியசாமி திரும்பிவிடப் பார்த்தார். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உள்ள வாங்க. நான் ஒரு நாளைக்கு இருபது பேரப் பாக்குறேன். ஒங்களது ஒண்ணும் புதுசில்ல" என்றார். அந்தக் குரல்தான் அவரை உள்ளே இழுத்தது.

விரலால் சோதித்ததில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் கையுறையில் ரத்தம் இருந்தது. குழாயில் கேமரா வைத்து உள்ளே பார்க்க வேண்டும், உடனே மதுரைக்குப் போங்கள், வீட்டு ஆள் ஒருவர் கூட வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து முனியசாமி மனைவிக்குப் போன் போட்டார். வயிறு சரியில்லை என்று ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் என்னிடம் போனைத் திணித்துவிட்டார். நான் சொன்னேன். "இந்தா வாரேன்" என்று மட்டும் மறுமுனையில் ஒரு குரல்.

முனியசாமியின் மனைவி செல்வி மிளகாய்க் காட்டிலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார். சேலையில் மிளகாய் நெடி. பக்கத்தில் உட்கார்ந்த எனக்குத் தும்மல் வந்தது. அழுவார் என்று நினைத்தேன். புருஷனுக்கு முன்னால் போய் நின்றார்.

"ஒரு வருசமா?"

"ம்."

"பெல்டு லூசாப் போச்சு, ஓட்ட போட்டுத் தாரியான்னு ஆணியும் சுத்தியலுமா எங்கிட்டதானய்யா வந்து நின்னே? நாந்தான அடிச்சுக் குடுத்தேன்? அப்பக்கூடச் சொல்லத் தோணலயா?"

முனியசாமி தரையைப் பார்த்தார். செல்வி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தச் சீட்டு அவர் கையைவிட்டு இறங்கவில்லை. அன்று மத்தியானமே இருவரும் மதுரைக்குக் கிளம்பினார்கள். கிளம்பும்போது முனியசாமி என்னிடம், "என்னோடதையும் ஒரு டப்பா எடுத்துக்கிறீகளாக்கா?" என்றார். டாக்டர் முடிவு சொல்லட்டும், பிறகு கேட்கிறேன் என்றேன்.

நான்காம் நாள் பெட்டியில் ஐஸை மாற்றிப் போட்டுக்கொண்டு நான் பஸ்ஸில்தான் தங்கச்சிமடம் போனேன். கண்டக்டர் என் பெட்டியைப் பார்த்து, "மீன் பெட்டிய மேல ஏத்துங்கம்மா, உள்ள வாடை அடிக்கும்" என்றார். மீன் இல்லை என்றேன். "அப்ப என்ன?" என்றார். முந்தாநாள் ஐஸ்காரரிடம் முனியசாமி சொன்ன பொய் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டேன். கண்டக்டர் இரண்டு வினாடி என்னைப் பார்த்தார். பிறகு பின் இருக்கையில் இருந்தவரை எழுப்பி, எனக்கும் பெட்டிக்கும் சேர்த்து முழு சீட்டையும் ஒதுக்கிக் கொடுத்தார். பாம்பன் பாலத்தில் பஸ் நின்றது. எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து கடலில் படகுகளைப் பார்த்தார்கள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதுரையிலிருந்து தகவல் வர ஒரு வாரமாயிற்று. மூலம் இல்லை, கட்டிதான். மலக்குடலின் மேல்பகுதியில், குடல் சுவரைத் தாண்டாமல் இருந்தது. ஆபரேஷனுக்கு முன்பு, டாக்டரின் அனுமதியோடு, முனியசாமி கையெழுத்திட்ட படிவத்தோடு, அவர் மாதிரியும் எங்களுக்கு வந்து சேர்ந்தது. வெட்டிய இடம் ஆறுவதற்காக மூன்று மாதம் பை வைத்தார்கள். பிறகு எடுத்துத் தைத்துவிட்டார்கள். பக்கத்து நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருக்கவில்லை. இரண்டாம் மாதமே பையோடு சவாரி போனதாகச் சொன்னார். பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டேன். "ஷாஜகான் பாயிதான். பழைய கம்ப்ரசர் வாங்க மதுரைக்கு வந்தாரு. ரெண்டு பேரும் ரெண்டு பையோட போனோம்" என்றார்.

ஆய்வு இன்னும் முடியவில்லை. எங்கள் கூடத்துக் குளிர்பெட்டிகளில் இந்தக் கடற்கரையின் டப்பாக்கள் நூற்றுக்கணக்கான மற்ற டப்பாக்களோடு எண்ணாக நிற்கின்றன. 'எனக்கு மட்டும் ஏன்' என்ற ஷாஜகானின் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. அதைச் சொல்ல அவருக்குப் போன் செய்தபோது, "பதில் கெடைக்கிற வரைக்கும் டப்பா அனுப்புங்கக்கா. காக்காவ நான் பாத்துக்கிறேன்" என்றார்.

போன மாதம் செல்வி பேசினார். உடம்பு தேறிவிட்டதாம், சண்டைதான் தீரவில்லையாம். "தெனம் காலையில கக்கூசு வாசல்லயே நின்னு கேக்குறேன்க்கா, இன்னைக்கு என்ன கலருன்னு. மாமியா காதுல விழுகுது, பக்கத்து வீட்டுக்குக் கேக்குது. கேக்கட்டும். ஒரு வருசம் வாய மூடிக் கெடந்தது போதும்." பின்னாலிருந்து முனியசாமி, "அடியேய், போனை வைய்யி" என்று கத்தினார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

போனை வைத்தேன். முன்பின் தெரியாத எத்தனையோ பேரிடம் இதையெல்லாம் கூச்சமில்லாமல் கேட்டிருக்கிறேன். எழுபது வயதாகும் என் அப்பாவிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஊருக்குப் போன் போட்டேன். தோட்டம், மழை, பசுமாடு என்று எல்லாம் பேசி முடித்து, வேறு வழியில்லாமல் கேட்டேன். "ஏனுங்கப்பா, வெளிக்குப் போறப்ப ரத்தம் கித்தம் வருதுங்களா?"

அப்பாவுக்கு இருந்தது மூலம்தான். கேமரா வைத்துப் பார்த்து டாக்டர் உறுதியாகச் சொன்னது அதற்கு ஒரு வாரம் கழித்து. ஆனால் அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் தெரியாது. மறுமுனையில் அப்பா செருமினார். கட்டிலை விட்டு எழுந்திரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, அறுபது வருடம் காடு கழனியில் அதட்டிப் பேசிய அந்தக் குரல், குசுகுசுவென்று சொன்னது:

"இரு கண்ணு, உங்கம்மா பக்கத்துலயே இருக்கறா. வாசலுக்குப் போயிட்டுச் சொல்றன்."